கண் ஆடும் திசை

பிப்ரவரி 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ டாக்டர் இல்லை, டெஸ்ட் எடுக்கிறவள்தான் என்று ஒவ்வொரு கடிதத்திலும் திருத்துகிறாய். எனக்கு நீ டாக்டரம்மாதான், விடு.

நான் நலம். உன் கடிதமும் வாண்டு வரைந்த கிரேனும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. கிரேனுக்கு இரண்டு கால் போட்டு, செருப்பும் மாட்டியிருக்கிறாள். ரூமில் எல்லாரிடமும் காட்டினேன். வெல்டர் மட்டும், “கொக்கி எங்கப்பா? கொக்கி இல்லாம எதைத் தூக்கும்?” என்று குறை சொன்னார். அடுத்த தடவை கொக்கி போடச் சொல்.

போன வாரம் போனில் உன்னிடம் சள்ளென்று விழுந்ததற்கு வருத்தப்படாதே. கம்பெனி எங்களைத் தங்க வைத்திருக்கிற இந்தக் கேம்புக்கே இருப்பது ஒரு போன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசை, அத்தனை பேர் காதும் என் வாயில். அதில் பாசமாகப் பேச எனக்கு வரமாட்டேன் என்கிறது, கோபம்தான் வருகிறது. காகிதத்தில் நான் கொஞ்சம் நல்ல மனுஷன்.

கட்டடம் வளர வளர என் கிரேனும் வளர்கிறது. காலையில் ஏணியில் ஏறி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது. மேலே போனால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி. மத்தியானச் சாப்பாடு வாளியில் கயிறு கட்டி வரும். சாயங்காலம் வரை மனுஷ முகமே கிடையாது. கீழே நிற்கிற சிக்னல்மேன் கையை ஆட்டுவார், வயர்லெஸ்ஸில் கத்துவார், அவ்வளவுதான் சங்காத்தம். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு தெம்பு வரத்தான் செய்கிறது.

இன்னொரு விஷயம், பெரிசாக எடுத்துக்கொள்ளாதே. கொஞ்ச நாளாகக் காலையில் கட்டிலில் வலது பக்கம் புரண்டால் ரூமே பம்பரமாகச் சுற்றுகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தால் நின்றுவிடும். “பித்தம்பா, டீயைக் குறை” என்கிறார் வெல்டர். “கண்ணாடிய மாத்துங்க” என்கிறார் எலக்ட்ரீஷியன். ஒரு தடவை கேபினில் அண்ணாந்து பார்த்தபோதும் வந்தது. உன் கடையில் இதற்கு ஏதாவது சரக்கு இருக்கிறதா?

ஒப்பந்தம் முடியப் போகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

வாண்டுவுக்கு முத்தம். உனக்கு, வரிசையில் ஆள் இல்லாத நேரத்தில்.

உன் மேல்மாடிக்காரன்


பிப்ரவரி 19

என்னங்க,

கடிதம் கிடைத்தது. ‘பெரிசாக எடுத்துக்கொள்ளாதே’ என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, அதை பஸ்ஸில் படித்துக்கொண்டே போய் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். திரும்பி நடந்து வந்தேன். ஆஸ்பத்திரிக்கு லேட்.

முதலில் நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுங்கள், கேலி வேண்டாம். இடது பக்கம் புரண்டால் சுற்றவில்லையா? ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறதா, அதற்கு மேலும் போகிறதா? காது மந்தமாக இருக்கிறதா, இரைச்சல் உண்டா? பேச்சு குழறுகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, கை கால் மரத்துப் போகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அங்கேயே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இத்தனை வருஷத்தில் நான் அங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. இப்போது சொல்கிறேன். உள்காதில் தண்ணீர் நிரம்பிய சின்னச் சின்னக் குழாய்கள் வளைந்து வளைந்து கிடக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவைதான் மூளைக்குத் தாக்கல் சொல்கின்றன. தாக்கல் தப்பாகப் போனால் கண் ஆடும். மெல்ல ஒரு பக்கம் வழுக்கிப் போகும், வெடுக்கென்று திரும்பி வரும். மறுபடி வழுக்கும், மறுபடி வெடுக். நாமாக நிறுத்தவும் முடியாது, நடிக்கவும் முடியாது. எந்தப் பக்கம் ஆடுகிறது, எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது ஓய்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. இருட்டு அறையில் அவர்களைப் படுக்க வைத்து, உள்ளே குட்டி பல்பு எரிகிற தடித்த கண்ணாடியை மாட்டிவிட்டால் கண் கோலிக்குண்டு மாதிரி பெரிதாகத் தெரியும்.

போன திங்கட்கிழமை ஒரு தையல்காரப் பெண் வந்திருந்தாள். கூட வந்த நாத்தனார் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். “இவளுக்கு ஒண்ணும் இல்லீங்க. வேலைன்னா மட்டும் தலை சுத்தும்.”  அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து இடது காதில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டேன், நல்ல காதென்றால் அதற்குக் கண் ஆட வேண்டும், நன்றாக ஆடியது. வலது காதில் விட்டேன். சூடாக விட்டாலும் சரி, குளிர விட்டாலும் சரி, கண் அசையவே இல்லை. அந்தக் காது செத்துக் கிடக்கிறது. நான் நாத்தனாரைக் கூப்பிட்டு, “இவங்க நடிக்கலம்மா, வலது காது வேலையே செய்யல” என்றேன். அந்தப் பெண் படுத்தபடியே ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்.

அதனால் நீங்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். எனக்கு உங்கள் கண்ணைப் பார்க்க வேண்டும்.

வெல்டர் வீடியோ கேமரா வாங்கியிருக்கிறார் என்று முன்பு ஒரு கடிதத்தில் எழுதினீர்களே. கட்டிலில் நீளவாக்கில் உட்காருங்கள். தலையை வலது பக்கம் பாதி திருப்பிக்கொள்ளுங்கள். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, அப்படியே மல்லாந்து படுக்க வேண்டும், தலை கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்க வேண்டும். கேமரா உங்கள் கண்ணை மட்டும் பார்க்கட்டும். சுற்றினாலும் கண்ணை மூடக் கூடாது. சுற்றல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எடுத்து, எழுந்து உட்காருவதையும் எடுங்கள். பிறகு இடது பக்கமும். கழுத்து வலி இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

அதுவரை மேலே ஏறாதீர்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் இஷ்டம்.

வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்டுவதற்காக பெரிய பல் முளைக்காமல் பார்த்துக்கொள்ளப் போகிறாளாம்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 8

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கேள்விகளுக்குப் பதில். இடது பக்கம் சுற்றவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறது. காது நன்றாகக் கேட்கிறது, ஃபோர்மேன் திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் விழுகிறது. பேச்சு குழறவில்லை. எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது, சம்பள நாளில் மட்டும் இரண்டாகத் தெரிந்தால் தேவலாம். கேலி வேண்டாம் என்றாய், மறந்துவிட்டேன்.

கேசட் எடுத்துவிட்டோம். எலக்ட்ரீஷியன் தலையைப் பிடித்தார், வெல்டர் கேமரா. “கண்ணைத் தொறங்க, கண்ணைத் தொறங்க, அண்ணி திட்டுவாங்க!” என்று ஒருவர் கத்த, “ஐயோ, ஃபோகஸ் போச்சு, மறுபடி படு!” என்று இன்னொருவர் கத்த, மறுபடி படுத்து மறுபடி சுற்றி, கடைசியில் வெல்டரின் புதுச் செருப்பு மேல் வாந்தி எடுத்தேன். அதைக் கழுவியும் கொடுத்தேன். எலக்ட்ரீஷியன் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார், கேசட்டும் இந்தக் கடிதமும் அவரிடம்தான்.

மேலே ஏறாதே என்றாய். அது எப்படி முடியும்? நான் இறங்கினால் அந்த நாற்காலியில் உட்கார நாலு பேர் நிற்கிறார்கள். அண்ணாந்து பார்க்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு தடவைதான், கம்பிக்கட்டு அந்தரத்தில் இருக்கும்போது வந்துவிட்டது. கைப்பிடியை விட்டுவிட்டு, பிரேக் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே சிக்னல்மேன், “என்னய்யா தூங்குறியா? இறக்குய்யா!” என்று கத்துகிறார். சுற்றல் நின்றதும், “கொக்கி முறுக்கிக்கிச்சு” என்று ஒரு புளுகு விட்டு இறக்கினேன். பார், சமாளித்துவிட்டேன்.

‘உங்கள் இஷ்டம்’ என்று எழுதியிருக்கிறாய். சரி.

மேல்மாடிக்காரன்


மார்ச் 27

என்னங்க,

எலக்ட்ரீஷியன் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். “அண்ணன் உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு” என்றார். நான் டீ போடப் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் பிளேயர் இருக்கிறது. வாண்டுவைத் தூங்க வைத்துவிட்டுப் போகலாம் என்றால் அவள் விடுவாளா? மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டிவி நிறைய உங்கள் கண். அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு, “அம்மா, அப்பா ஏன் என்னைப் பாக்க மாட்டேங்குறாரு? பாக்குற மாதிரி வந்துட்டு வந்துட்டு ஓடிடுறாரு” என்றாள். “அப்பாவுக்குத் தலை சுத்துது, அதான்” என்றேன். திரைக்குப் பக்கத்தில் போய், “அப்பா, இங்க பாருங்க” என்று விரலை நீட்டினாள். டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

இப்போது வேலை. வலது பக்கம் படுத்ததும் சில நொடி கண் சும்மா இருக்கிறது. பிறகு ஆட ஆரம்பிக்கிறது. நெற்றிப் பக்கம் துள்ளுகிறது, கூடவே கண்ணின் மேல்விளிம்பு கீழே இருக்கிற காதை நோக்கிச் சுழல்கிறது. வேகமாகி, தளர்ந்து, ஒரு நிமிஷத்துக்குள் ஓய்கிறது. எழுந்து உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஆடுகிறது. இரண்டாவது தடவை எடுத்ததில் ஆட்டம் குறைந்திருக்கிறது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. படுத்த உடனேயே ஆடியிருந்தாலோ, கீழ்நோக்கி அடித்திருந்தாலோ, ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்திருந்தாலோ நான் இன்று உங்களுக்கு வேறு மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன், அது மூளைக் கோளாறாக இருக்கலாம். உங்களுடையது அது இல்லை. கேசட்டை எங்கள் டாக்டரிடமும் போட்டுக் காட்டினேன். “சந்தேகமே இல்ல, வலது காது, பின் குழாய்” என்றார்.

உள்காதில் மணல் பொடி மாதிரி துகள்கள் உண்டு. அவற்றில் சில இடம் மாறி, போகக்கூடாத குழாயில் விழுந்திருக்கின்றன. தலையை உருட்டி உருட்டி அவற்றை அது அது இருக்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம். அதே மாதிரி வலது பக்கம் தொங்கப் படுங்கள். சுற்றல் நிற்கட்டும், அதற்கு மேலும் கொஞ்சம் பொறுங்கள். தலையை மட்டும் மெதுவாக இடது பக்கம் திருப்பிக் காத்திருங்கள். பிறகு உடம்போடு இடது தோள் மேல் புரண்டு, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி காத்திருங்கள். பிறகு அப்படியே கால்களைத் தொங்கப் போட்டு எழுந்து உட்காருங்கள். வெல்டர் கூட இருக்கட்டும், செருப்பை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

என்னோடு வேலை செய்கிற நர்ஸ் கூட நின்று பார்த்தாள். உங்களுக்கு அவளைத் தெரியாது, வாய் கொஞ்சம் நீளம். “இதைப் போயி சாதாரணம்னு எழுதுவியா? பெரிய வியாதின்னு ஒரு வரி போடு, அடுத்த பிளேன்ல ஓடி வந்துடுவாரு” என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

இப்போது கோபம். கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதுகிறீர்கள், பார் சமாளித்துவிட்டேன் என்றும் எழுதுகிறீர்கள். கீழே நிற்கிற அந்த சிக்னல்மேனுக்கும் யாராவது கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே ஃபோர்மேனிடம் சொல்லுங்கள். சரியாகும்வரை மேலே ஏறக் கூடாது. இதில் உங்கள் இஷ்டம் என்பதெல்லாம் கிடையாது.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. இடது இமையில் ஒரு தழும்பு தெரிகிறது. போனபோது அது இல்லை. லீவில் வந்தபோதும் இல்லை. எப்போது பட்டது? புருவத்தில் நரை வந்திருக்கிறது. வேலைக்காக ஒரு தடவைதான் பார்க்க வேண்டும், பார்த்தேன். பிறகு டீச்சரிடம் இன்னொரு தடவை போடச் சொன்னேன். 

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 14

உனக்கு,

நீ சொன்னபடியெல்லாம் செய்தாயிற்று. தலையை உருட்டினோம். முதல் தடவையிலேயே பாதி போயிற்று, மறுநாள் செய்ததில் மீதியும் போயிற்று. இப்போது எந்தப் பக்கம் புரண்டாலும் ரூம் ரூமாகவே இருக்கிறது.

ஃபோர்மேனிடமும் சொன்னேன். “இத்தனை நாள் தலை சுத்திக்கிட்டா ஓட்டுன?” என்று ஆபீஸில் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றைக்கே இறக்கிவிட்டார்கள். என் நாற்காலியில் ஒரு புது ஆள். நான் கீழே கொடியும் வயர்லெஸ்ஸுமாக நிற்கிறேன். கம்பெனி டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை இதுதானாம். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

வியாதி போய்விட்டது, வேலையும் போய்விட்டது. உனக்குத் திருப்திதானே.


மே 2

என்னங்க,

உங்கள் கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை. மேல்மாடிக்காரன் என்று போட மனசு வரவில்லை போலிருக்கிறது.

சுற்றல் நின்றதில் எனக்குத் திருப்திதான். நீங்கள் கீழே நிற்பதில் இல்லை. அந்த ஏணியில் ஏறும்போது உங்களுக்கு வருகிற தெம்பு எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் நிற்க வைத்து, “அதோ பார், அதுதான் என் ஆபீஸ்” என்று ஆகாயத்தைக் காட்டினவர் நீங்கள். எனக்குக் கழுத்து வலித்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாண்டு நலம். கொக்கி போட்டு வேறு படம் வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். பதில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மே 23

என்னங்க,

பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். போன் செய்தேன். யாரோ எடுத்து, “அவர் சைட்ல இருக்காரு, சொல்லிடறேன்” என்றார். நன்றாக இருக்கிறீர்கள் என்றாவது தெரிந்தது.

இன்று ஒரு லாரி டிரைவருக்கு டெஸ்ட். காதில் தண்ணீர் விட்டுக் கண்ணைப் பார்க்கும்போது அவர்களைச் சும்மா இருக்க விடக் கூடாது, எதையாவது பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா கிடந்தால் மூளை சுதாரித்துக் கண்ணை அடக்கிவிடும். நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “உங்க வீட்டுக்கு எப்படிப் போகணும், வழி சொல்லுங்க.” அவர் கண் துடிக்கத் துடிக்கச் சொன்னார். “பெரிய ரோட்டுல இறங்கி, தண்ணி டேங்க் தாண்டி, இடது கைப் பக்கம் திரும்புங்கம்மா. பச்சைக் கேட்டு. கேட்டு சரியா சாத்தாது, தூக்கிச் சாத்தணும்.” எனக்கு அதற்கு மேல் எழுத ஓடவில்லை. உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் வீடு மாறி இரண்டு வருஷமாகிறது. இந்த வீட்டை நீங்கள் பார்த்ததே இல்லை. உறையின் மேல் எழுதுகிற விலாசம்தான் உங்களுக்குத் தெரியும்.

அதனால் நான் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி மருந்துக்கடை ஓரமாக வந்தால் ஒரு சைக்கிள் கடை வரும். அதற்கு எதிர்ச்சந்து. மாடிப்படி வெளியிலேயே இருக்கிறது, கைப்பிடி ஒரு பக்கம் ஆடும், சுவர்ப் பக்கமாக ஏற வேண்டும். முதல் அறையில் ஜன்னலுக்குக் கீழே வாண்டுவின் மேஜை. அடுத்த அறையில் கட்டில். நான் சுவரோரம்தான் படுக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 10

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் சட்டைப் பையிலேயே இருந்தன. எழுத உட்காருவேன், கோபம் வரும், மடித்து வைத்துவிடுவேன். இப்போது கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் கம்பிக்கட்டு ஒன்று என் தலைக்கு நேர் மேலே நின்றுவிட்டது. புது ஆளுக்குக் கை பழகவில்லை, ஏதோ தடுமாறிவிட்டான். காற்றில் அது லேசாக ஆடுகிறது. எனக்குப் பக்கத்தில் பலகை சுமக்கிற இரண்டு பேர். நகர்ந்து ஓடுங்கள் என்று கத்தினேன். மூன்று பேரும் ஓடினோம். அவனும் ஒழுங்காக இறக்கிவிட்டான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அந்த சிக்னல்மேன் பெரியவரை டீக்கடையில் பிடித்து, “அன்னைக்கு நான் தூங்கல அண்ணே, தலை சுத்துச்சு” என்று சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்.  நீ எழுதினது சரி.

கம்பெனி டாக்டர் வந்தார். படுக்க வைத்துப் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார். “யார் சரி பண்ணினது?” என்றார். “வீட்டம்மா, தபால்ல” என்றேன். சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். நாற்காலி மறுபடி எனக்குத்தான். ஆனால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால்தான். அடுத்த மாதக் கடைசி வரை நேரம்.

தழும்பு கேட்டாயே. போன வருஷம் கம்பிக் கயிறு ஒன்று பிசிறி அடித்தது. கண் தப்பியது. எழுதினால் நீ கவலைப்படுவாய் என்று எழுதவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்த நர்ஸ் என்ன சொன்னாள் என்று எழுதினாய். எல்லாரும் சிரித்தீர்கள் என்றும் எழுதினாய். நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லை. இத்தனை வருஷத்தில் உன் கடிதங்களில் எல்லாம் இருக்கிறது. அரிசி, ஸ்கூல், மழை, வாண்டுவின் பல், இப்போது மாடிப்படிக் கைப்பிடி வரைக்கும். ‘வா’ என்று மட்டும் ஒரு தடவைகூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன். நீ ‘உங்கள் இஷ்டம்’ என்று எழுதும்போதெல்லாம், இவளுக்கு நான் இல்லாமலே பழகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டேன்.

எது இருக்கிறதோ அதை எழுது. நீ கண்ணைப் பார்த்து எழுதுவாயே, அந்த மாதிரி.

உன் (இப்போதைக்குத்) தரைத்தளக்காரன்


ஜூன் 28

என்னங்க,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் டெஸ்ட் அறையில் வைத்துத்தான் படித்தேன். அடுத்த ஆளை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே நர்ஸ், “அக்கா, ஆளு காத்துக்கிட்டிருக்காங்க” என்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் என்ன சொன்னேன் என்றால், ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தின நாள் டீச்சர் வீட்டில் நடந்ததை உங்களுக்கு எழுதவில்லை. கேசட்டில் உங்கள் தலை தொங்குகிறது. கண் திறந்திருக்கிறது, இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை. அந்தச் சில நொடி. எந்தப் பக்கம் போகப் போகிறது என்று எனக்கும் தெரியாது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கீழ்நோக்கி அடித்தால் இவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று தோன்றியது. உங்களுக்கு மூளையில் ஏதாவது இருந்தால் நல்லது என்று உங்கள் மனைவி நினைத்தாள். ஒரு நொடிதான். பிறகு கண் மேல்நோக்கித் துள்ளியது, எனக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு ஏமாற்றமும் வந்தது. அந்த ஏமாற்றத்தோடுதான் மடியில் இருந்த பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

உங்களுக்குச் சாதாரணம் என்று எழுதினேன், ஏனென்றால் அது சாதாரணம்தான். அதை எழுதினால் நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

ஏன் ஒரு தடவையும் கூப்பிடவில்லை என்றால், கூப்பிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள். வந்த பிறகு என்றைக்காவது ஒரு நாள், நீ கூப்பிட்டதால்தானே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? அந்த நாற்காலியோடு என்னால் போட்டி போட முடியாது என்று நினைத்தேன். நீங்களாக வர வேண்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் நான் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்திருக்கிறீர்கள். வாண்டு நடக்க ஆரம்பித்தபோது போனீர்கள். இப்போது சைக்கிள் ஓட்டுகிறாள்.

எனக்குப் பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பழகியது வேலைதான். சிலிண்டரை நானே உருட்டி மாட்டுவேன், பல்பு நானே மாற்றுவேன். காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் கை போவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அது தானாகப் போகிறது.

நாளைக்கு நீங்கள் என்மேல் பழி போட்டாலும் போடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். இங்கேயும் கட்டடம் கட்டுகிறார்கள், இங்கேயும் கிரேன் நிற்கிறது, நான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன்.

வாங்க. வந்துடுங்க.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 17

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தை மேலே ஏறித்தான் படித்தேன். ஃபோர்மேனிடம் கேட்டேன், “ஒரு மணி நேரம் அந்த சீட்டுல உக்காந்துட்டு வரேன்” என்று. என்ன நினைத்தாரோ, போ என்றுவிட்டார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் எல்லாம் அதே மாதிரிதான் இருந்தது. பிறகு இறங்கி வந்து, கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லிவிட்டேன். ஃபோர்மேன் கையைக் கொடுத்தார். அந்தப் புது ஆளுக்கு, காற்றடிக்கும்போது கொக்கியை எப்படி நிதானப்படுத்துவது என்று மூன்று நாள் கூட இருந்து காட்டிக் கொடுத்தேன். பையன் தேறிவிடுவான்.

நீ நினைத்தாயே ஒரு நொடி, அதற்காக வருத்தப்படாதே. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தொங்கிக் கிடந்தேனே, நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பெரிசாக இருந்தால் இவள் கூப்பிடுவாள் என்று.

பழி போட மாட்டேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வரும், உனக்குத் தெரியும். நேரில் பேசிக்கொள்ளலாம், முதுகுக்குப் பின்னால் வரிசை இருக்காது.

பயமாகவும் இருக்கிறது. வாண்டு என்னைக் கண்ணை மட்டும் வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாளா? வெல்டர், “மீசைய எடுத்துடாதப்பா, பிள்ளை பயந்துடும்” என்கிறார். எடுக்கவில்லை.

வரும் சனிக்கிழமை கிளம்புகிறேன். இங்கே தபால் எப்போதும் லேட், ஆகவே இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே நான் வந்து சேர்ந்துவிட்டாலும் ஆச்சரியமில்லை. அப்படி ஆனால் இதை உன்னைப் பிரிக்க விடமாட்டேன். நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

வருகிறேன்.